வேஷத்தை இறக்க ஓர் ஆள்

1

உளவியலாளரின் அறையில் மூன்று நாற்காலிகள் முக்கோணமாகப் போடப்பட்டிருக்கும். ஒன்று அவருக்கு, ஒன்று நோயாளிக்கு. சற்றுப் பின்தள்ளியிருக்கும் மூன்றாவது எனக்கு. நோர்வேயின் பேர்கன் நகரில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். எங்கள் தொழிலின் முதல் விதி, பேசுகிறவரின் 'நான்' என்ற சொல்லை மாற்றக் கூடாது என்பது. நோயாளி "எனக்கு நித்திரை இல்லை" என்றால், நானும் நோர்வேஜிய மொழியில் "எனக்கு நித்திரை இல்லை" என்றே சொல்ல வேண்டும். "அவருக்கு நித்திரை இல்லையாம்" என்று சொன்னால் அது பிழை.

இதனால் ஒரு சாதாரண வாரத்தில் நான் கணவனைப் பிரிகிறேன், சர்க்கரை நோய்க்குக் கால்விரலை இழக்கிறேன், முல்லைத்தீவில் பிள்ளையைத் தேடுகிறேன். மாலையில் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். பயிற்சி வகுப்பில் ஆசிரியை சொன்னதும் மழைச்சட்டை உதாரணம்தான். உங்களுடைய சுயத்தை வெளியே கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே வாருங்கள், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுக்க மறந்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

ஒக்டோபரில் ஒரு நாள் உளவியலாளர் ஒரு நோயாளிக்கு ஆழ்மனத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ஆளும் விவரமும் தெரியாதபடி மாற்றியே எழுதுகிறேன். மனம் ஒரு வீடு மாதிரி, நாம் நடமாடுவது மேல்தளத்தில், கீழே ஒரு நிலவறை இருக்கிறது, தாங்க முடியாததை அங்கே இறக்கி வைத்துக் கதவைப் பூட்டிவிடுகிறோம் என்றார். நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கட வீட்டில நிலவறை இருக்கேல்லையே, ஐயா" என்றார். அதை நோர்வேஜிய மொழிக்கு மாற்றும்போது, என் சொந்த வாக்கியத்தைச் சொல்வது போல இருந்தது.

வெளியே வந்து தொலைபேசியைப் பார்த்தபோது மாரித் என்ற பெண்ணிடமிருந்து தவறிய அழைப்புகள் கிடந்தன. ஒஸ்லோவில் என் மகளோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பவள். மகளின் எண்ணிலிருந்து எதுவும் இல்லை.

2

அந்த அம்மாவின் வீட்டிலாவது அறைகள் இருந்திருக்கும். இலங்கையில் இறக்குவானைக்கு மேலே, தேயிலையும் இறப்பரும் உள்ள எங்கள் தோட்டத்தில், ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஆறாம் நம்பர் லயத்தின் மூன்றாவது காம்பிராவில் நாங்கள் ஐந்து பேர். காம்பிராக்களுக்கு இடையிலான சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பிராவில் ஒருவர் தூக்கத்தில் பிதற்றினால், மறுநாள் கொழுந்து மலையில் எல்லோரும் சேர்ந்து அதற்கு அர்த்தம் சொல்வார்கள். நிலவறைக்கு அங்கே வழியே இல்லை. எங்கள் ஆழ்மனம் எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், பக்கத்துக் காம்பிராக்காரருக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே இடமில்லாத காரணத்தாலோ என்னவோ, துக்கம், கோபம், ஆசை எல்லாம் எங்களுக்கு வெளியிலிருந்து வருகிறவையாகவே இருந்தன. வரும், ஆள் மேல் இறங்கும், ஆட்டும், போகும். அதற்கு மாசி மாதம் என்று ஒரு நேரமும், காமன் கூத்து என்று ஒரு வழியும் இருந்தன. சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்து போகிறான், அவன் மனைவி ரதி அழுகிறாள். கதை இவ்வளவுதான். ரதி வேஷம் ஆண்தான் கட்டுவான். எங்கள் தோட்டத்தில் பல வருடங்கள் அதைக் கட்டியவர் என் அண்ணன் சுப்பையா. மற்ற மாதங்களில் இறப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்.

கூத்து வாத்தியார் காப்புக் கட்டிய நாளிலிருந்து அண்ணன் அண்ணன் இல்லை. அண்ணி சோறு போடுவார், பேசமாட்டார். மன்மதன் எரிந்த பிறகு மூன்றாம் நாள் வரை அண்ணன் வெள்ளைச் சேலையோடு, காமனுக்கு நட்ட கம்பத்தடியில் உட்கார்ந்திருப்பார். ஒரு வருடம் அவருடைய சின்ன மகன் போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அண்ணன் குனிந்து பார்க்கவில்லை. அப்போது நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியர், விடுமுறைக்கு வந்திருந்தேன். அண்ணனின் முகத்தில் நடிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காமனை எழுப்புவார்கள். அந்தப் பாட்டு முடிந்ததும் வாத்தியார் ரதியின் முகத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்பார். வேஷக்காரன் தன் வீட்டைச் சொல்ல வேண்டும். அண்ணன் அம்மா பேரையும் லயத்து நம்பரையும் காம்பிராவையும் சொல்வார். வாத்தியார் காப்பை அவிழ்த்து, "சரி, வீட்டுக்குப் போ" என்பார். அதோடு ரதி முடிந்தது. அந்த வருடம் அண்ணன் திரும்பி முதலில் செய்த காரியம் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பீடிக்கு நெருப்பு கேட்டது.

3

மகள் பெயர் நிரோஷா. வீட்டில் பாப்பா. இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் யாழ்ப்பாணத்தார் பேசுவது போல 'நான் போறன்' என்று பழகி வருவாள், வீட்டில் அவள் அம்மா மல்லிகா 'போறேன்' என்று திருத்துவாள். மல்லிகா எஹலியகொடக்காரி, பேச்சில் பாதி சிங்களம். தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். இல்லை, இலங்கையில் சப்ரகமுவ மாகாணம் என்றால், அங்கேயும் தமிழர் இருக்கினமோ என்பார்கள். கொஞ்ச காலத்தில் மகள் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். எந்தத் தமிழ் என்று முடிவு செய்வதை விட அது சுலபம்.

நான்கு வருடங்களுக்கு முன் மல்லிகா இறந்தாள். ஆஸ்பத்திரியில் மருத்துவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. தினமும் அதே சொற்களை மற்றவர்களுக்காகச் சொல்லும் வாய், அன்று எனக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. பதினெட்டு வயது மகள் பக்கத்தில் நின்று எனக்கு மொழிபெயர்த்தாள். அடக்கம் செய்யும் நிறுவனத்தோடும் அலுவலகங்களோடும் அவள்தான் பேசினாள். விதிப்படி, கண் கலங்காமல். பிறகு ஒஸ்லோவில் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தாள். ஏன் நடிப்பு என்று கேட்டேன். அங்கே அழுவதற்குக் காரணம் கேட்கமாட்டார்கள் என்றாள். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

இந்த ஒக்டோபரில் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் குடும்பத்திலிருந்து ஒரு துக்கப் பாட்டைக் கொண்டுவர வேண்டும். அதைப் பாடியபடி தங்கள் ஞாபகத்தில் இறங்க வேண்டும். எந்த ஞாபகத்தைத் தொடப் பயமோ, அதைத் தொட வேண்டும். பாத்திரம் வெளியே இல்லை, உன் அடியில் புதைந்து கிடக்கிறது என்பது அவர்களுடைய பாடம். ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்.

மகள் கேட்டதும் அண்ணனை அழைத்தேன். மாசி இல்லாமல் ரதி பாட்டு பாடமாட்டோமே என்று முதலில் தயங்கினார். பிள்ளை படிப்புக்குக் கேட்கிறாள் என்றதும் குளித்துவிட்டுக் கம்பத்தடிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்து பாடி, தொலைபேசியில் பதிவு செய்து அனுப்பினார். பதிவு நீளம். புலம்பல் முடிந்த பிறகு ராகம் மாறி, காமனை எழுப்பும் பாட்டு வந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் தெளிக்கும் சத்தம், வாத்தியாரின் கேள்வி, பதில் எல்லாவற்றையும் அவரே சொல்லியிருந்தார்.

பத்திரிகையில் இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்து வெட்டுவோம். முக்கியமானது மேலே இருக்கும், கடைசிப் பத்தி போனால் யாருக்கும் தெரியாது. என் கை பழக்கத்தில் அதையே செய்தது. காமன் எரிந்து, ரதி தலைவிரித்து அழும் இடத்தோடு நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்குள் அடக்கி அனுப்பினேன்.

4

மாரித் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். வகுப்பில் நிரோஷா பாடினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது உன் ஆழத்திலிருந்து வந்தது என்று ஆசிரியர் கட்டிப்பிடித்துச் சொன்னார். பிறகு எல்லோரும் கோப்பி குடிக்கப் போனார்கள். நிரோஷா தரையிலேயே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கும் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. கேட்டால் ஓரிரு சொற்களில் பதில் சொல்கிறாள், பிழையில்லாத, யாருடையதோ போன்ற குரலில். அறைக்குள் அந்தப் பாட்டு முடிகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

மகளை அழைத்தேன். எடுத்தாள். "நல்லா இருக்கேன் அப்பா" என்றாள். பின்னணியில் அண்ணனின் குரல், நான் வெட்டிய இடத்தில் நின்றது.

பள்ளியிலிருந்த உளவியல் ஆலோசகர் அவளை ஒருமுறை பார்த்திருந்தார். அம்மாவின் மரணத்தில் அழாத அழுகை உள்ளேயே தங்கியிருக்கிறது, பயிற்சி கதவைத் திறந்துவிட்டது என்று சொல்லி, மேற்கொண்டு சிகிச்சைக்கு எழுதிவிட்டார். சிகிச்சை நிலையத்திலிருந்து வந்த கடிதத்தை மகள் படமெடுத்து அனுப்பினாள். வரிசை பல வாரங்களுக்கு நீண்டிருந்தது. கடைசிப் பத்தியில், தாய்மொழியில் பேச விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யப்படுவார் என்று இருந்தது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், மொழிபெயர்ப்பாளர் உறவினராக இருக்கக் கூடாது என்றும் இருந்தது. சரியான விதி. நானே பலருக்கு அதை விளக்கியிருக்கிறேன். ஊர் பெயர் தெரியாத ஆட்களுக்காகத் தினமும் 'நான்' என்று சொல்லலாம், என் மகள் இருக்கும் அறையில் எனக்கு மூன்றாவது நாற்காலி கிடையாது.

5

அண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் அழுகையைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ கேட்கவில்லை.

"புள்ள பாட்ட முழுசா கேட்டுச்சா?" என்றார்.

நேரம் போதாததால் கடைசியில் கொஞ்சம் வெட்டினேன் என்றேன்.

"எங்க வெட்டுன?"

சொன்னேன். அந்தப் பக்கம் பஸ் ஒன்று வளைவில் ஹோன் அடிப்பது கேட்டது.

"பேப்பர்காரன் வேலைய காட்டிட்டியேடா தம்பி. எரிச்சுட்டு எழுப்பாம விட்டுட்டியா? ஒத்திகையில கூட எழுப்பாம ஒருத்தனும் வீட்டுக்குப் போனதில்ல."

இது சாமி விஷயமில்லை, அம்மா போன துக்கம், நோர்வேயில் இதற்குப் பெயர் இருக்கிறது என்று விளக்க முயன்றேன்.

"பேரு எதுவா இருந்தா என்ன. நான் சாமின்னா சொன்னேன்? கொழுந்து மூட்டைய தலையில ஏத்தி விட ஒரு ஆளு, இறக்கி விட ஒரு ஆளு. இறக்க ஆளில்லன்னா சுமந்த புள்ள நின்னுகிட்டேதான் இருக்கும், பாவம்."

வெட்டாத பதிவை இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"போன்ல எழும்பாது. ஆளு முன்னால நிக்கணும். நீதானே குடுத்த, நீயே போய் இறக்கு."

எனக்குப் பாட வராதே அண்ணே என்றேன். எங்கள் வீட்டில் தாளம் தப்பாத ஒரே ஆள் அண்ணன்தான்.

"கமக் நே," என்றார். இறக்குவானை பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், பரவாயில்லை என்று நாங்கள் சிங்களத்தில் சொல்வது அது. "நீ பாடுனா செத்தவனும் எந்திரிச்சு ஓடிருவான். நமக்கு அதுதானே வேணும்."

6

பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு ரயில் மலை ஏறி இறங்கிப் போகிறது. உச்சியில் மரம் கூட இல்லாத பனிவெளி. சுரங்கங்களுக்குள் போகும்போது அண்ணனின் பாட்டை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த ஆள் வாயசைத்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் சொல்வது, பாத்திரம் நடிகருக்குள்ளே கிடக்கிறது, தோண்டி எடு. அண்ணன் சொல்வது, அது வெளியிலிருந்து வருகிறது, வாங்கியதைத் திருப்பிக் கொடு. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. முதல் முறையில் நடிகர் தனியாக இறங்குகிறார், இரண்டாவதில் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். இந்த வித்தியாசம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மாரித் கதவைத் திறந்தாள். மகள் சமையலறை ஜன்னலருகே கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். "ஏன் வந்தீங்க, வேலை இல்லையா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். நான் அதே மொழியில் வானிலை பற்றி ஏதோ சொன்னேன். மாரித் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியேறினாள்.

சோறும் பருப்பும் வைத்தேன். கொண்டுபோயிருந்த மஞ்சள் தூளில் பருப்புக்குப் போட்டது போக மீதியைக் கோப்பிக் கோப்பையில் தண்ணீரோடு கலக்கினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யப் போறீங்க?" தமிழில் கேட்டாள்.

"பெரியப்பா பாட்டுல கடைசிய நான் வெட்டிட்டேன். அத முடிக்கணும்."

"அப்பா, அது நாடகம்தானே."

"ஆமா. அதனாலதான் முடிக்கணும்."

பாடினேன். ராகம் முதல் வரியிலேயே கைவிட்டது. மேலே போக வேண்டிய இடத்தில் இருமல் வந்தது. பத்திரிகையில் இருந்த காலத்தில் இதை ஒரு நிகழ்ச்சியாகப் பார்த்திருந்தால் மூன்று வரியில் இரக்கமில்லாமல் எழுதியிருப்பேன். மகளின் உதட்டோரம் ஒருமுறை அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் விரலைக் கோப்பையில் நனைத்து அவள் முகத்தில் தெளித்தேன். இமைகளை மூடித் திறந்தாள்.

"நீ யாரு வீட்டுப் புள்ள?"

பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது, வெட்டிய பகுதியில் இருந்தது அது. காத்திருந்தேன். அவளுக்கு லயத்து நம்பரும் இல்லை, காம்பிராவும் இல்லை. ஒஸ்லோவில் ஒரு வாடகை அறை, பேர்கனில் நான் மட்டும் இருக்கும் ஒரு வீடு. கேட்டது தவறோ என்று நினைத்தேன். பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது, எழுந்து அடுப்பை அணைக்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"மல்லிகா வீட்டுப் புள்ள," என்றாள்.

அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்டு நான்கு வருடமாகிறது. எங்கள் இருவருக்கும் இடையில் 'அவங்க' என்றும் 'அப்போ' என்றும்தான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அழத் தொடங்கினாள். அதில் ரதியும் இல்லை, ராகமும் இல்லை. மூக்கு ஒழுகி, விக்கி, கையால் துடைத்து, மேசைத் துணியில் முகத்தை வைத்து அழுத அழுகை. அம்மா ஏன் போனாங்க என்று கேட்டாள், ஆஸ்பத்திரியில் அம்மா மேல் போர்த்தியிருந்த போர்வையின் நிறம் என்ன என்று கேட்டாள், அந்த மருத்துவர் சொன்னதில் ஒரு வாக்கியத்தைத் தான் எனக்கு மாற்றிச் சொல்லாமல் விட்டதைச் சொன்னாள். தெரியும் என்றேன். உண்மையில் தெரியாது. அந்த வாக்கியத்தை இங்கே எழுதப் போவதில்லை.

வாத்தியாரின் கடைசிச் சொல் மிச்சமிருந்தது. வீட்டுக்குப் போ என்று சொல்ல வேண்டும். எந்த வீட்டுக்கு என்று தெரியவில்லை. "சாப்பிட வா" என்றேன். அடிப்பிடித்த பருப்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். "அம்மா வச்சா இப்படி இருக்காது" என்றாள்.

7

அவள் குணமாகிவிட்டாள் என்று எழுத மாட்டேன். பார்த்ததைத்தான் எழுத வேண்டும். இப்போது மறுபடி வகுப்புக்குப் போய் வருகிறாள். சிகிச்சை வரிசையில் அவள் பெயர் இருக்கிறது, முறை வரும்போது போவாள், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். பெரியப்பாவிடமிருந்து முழுப் பதிவையும் தானே வாங்கிக் கேட்டிருக்கிறாள். பயிற்சி முடிந்ததும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுவிட்டே கோப்பிக்குப் போவது என்று வகுப்பில் சிலர் வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். ஆசிரியருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லையாம்.

நான் பேர்கனுக்குத் திரும்பினேன். எங்கள் ஊர்ப் பக்கம் இரத்தினபுரியில் பெய்வது போல இங்கேயும் பெய்கிறது, இடிதான் இல்லை. சென்ற வாரம் ஒரே நாளில் மூன்று பேருக்காகப் பேசினேன். கடைசி ஆள் தன் மனைவியை அடித்ததைச் சொன்னார். நான் அடித்தேன், நான் அடித்தேன் என்று நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, ஈர மழைச்சட்டையைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தபோது மகள் அழைத்தாள். இன்று எத்தனை பேர் என்று கேட்டாள். மூன்று என்றேன்.

"நீங்க யாரு வீட்டுப் புள்ள?"

விளையாட்டு என்று நினைத்து, வேறு ஏதாவது பேசு என்றேன். அவள் காத்திருந்தாள். நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். ஆறாம் நம்பர் லயம் என்றேன், மூன்றாவது காம்பிரா என்றேன். சொல்லும்போது குரல் என்னுடையதாக இருந்தது.

"சரி," என்றாள். "வீட்டுக்குப் போங்க."

அவள் வைத்த பிறகும் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தேன். சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன்.